டாங்கின் வீட்டுப் பானை

ட்ரெகாரோ ஊரின் கடைசித் தேர்தலன்று டிகரி டாங்கினின் பானை நெருப்பில்லாமல் கொதித்தது. மத்தி மீன் விலை அந்த வாரம் இறங்கியிருந்தது.

எங்களுடையது கார்ன்வால் கடலோரத்தில் ஒரு கையகல ஊர். ஆனாலும் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஓர் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தோம். சொந்தமாகப் பானை கொதிக்கவைக்கிற ஆண்பிள்ளைக்கு ஓட்டு, அதுதான் வழக்கம். தேர்தலன்று எல்லோரும் பானையைத் தெருவில் வைத்து, அதிகாரி பார்க்கக் கொதிக்கவைத்து, தங்கள் ஆளின் பெயரை உரக்கச் சொல்வார்கள். வீடுகளெல்லாம் நிலச்சொந்தக்காரரான பிரபுவுடையவை என்பதால் ஓட்டும் அவர் கைகாட்டிய ஆளுக்கே விழும். அந்த முறை அவருடைய ஆள், ஜெயித்தால் ஊர்ப் புல்வெளிக்கு வேலி போடுவேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். எங்கள் மாடுகளுக்கு வேறு மேய்ச்சல் கிடையாது. ஊர் இரண்டுபட்டது.

சாயங்காலம் இரண்டு பக்கமும் சரிசமம், டிகரி ஒருவன்தான் பாக்கி. அவனை நம்பாத பிரபுவின் காரியஸ்தர் ரெட்டாலக், காலையிலேயே ஆள்விட்டு அவன் அடுப்பை இடித்து விறகில் தண்ணீர் ஊற்றியிருந்தார். டிகரியின் மனைவி லவ்டேவுக்கு நிறைமாதம். அவள் பானையைத் தூக்கிவந்து வெறும் கல்மேல் வைத்தாள். அது கொதித்தது. அதிகாரி விரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டார்.

"கொதிக்குதுய்யா. நெருப்பு வேணும்னு யாரும் எழுதி வைக்கல" என்றார், விரலை வாயில் வைத்தபடியே. யாரும் சொல்லாமலே எல்லோரும் தொப்பியைக் கழற்றினோம், தேவாலயத்தில்கூட அவ்வளவு மனதாரக் கழற்றியதில்லை.

ரெட்டாலக் மட்டும் அசரவில்லை. "டாங்கின், நீ படுத்து எந்திரிக்கிற வீடு யாருதுன்னு யோசிச்சுப் பேசு."

டிகரி மனைவியின் வயிற்றைப் பார்த்தான்.

"யோவ், என்னை ஏன் பாக்குற? நாளைக்கு உம்புள்ளைக்குப் பாலு வேலியிலயா காய்க்கும்? வாயத் தொற!" என்றாள் லவ்டே.

டிகரி, பிரபுவின் ஆளை எதிர்த்து நின்றவனின் பெயரை உரக்கச் சொன்னான்.

பொழுது சாய்வதற்குள் அவர்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். வேலி விழாத அந்தப் புல்வெளியில், பானைக்குப் பக்கத்திலேயே லவ்டே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அதிலிருந்தே வெந்நீர் மொண்டு குளிப்பாட்டினோம். அடுத்த வருடம் பாராளுமன்றம் எங்கள் தொகுதியையே ஒழித்துவிட்டது. பானை கொதிப்பது நிற்கவில்லை. யார் வீட்டில் பிரசவவலி கண்டாலும் அதைத் தூக்கிப்போய் வைத்தார்கள், காரியஸ்தர் வீட்டுக்கும் ஒருமுறை போய்வந்தது.