கோடி மண்டபம்

ஐப்பசி மழையில் நனைந்ததும் பரங்கிப்பேட்டை அறுவை மண்டபம் சுருங்க ஆரம்பித்தது. அறுவை என்றால் துணி. கப்பலேற்றும் துணிக்கட்டுகளை அடுக்கவும் விலை பேசவும் சோழர் காலத்து வியாபாரிகள் வெள்ளாற்றங்கரையில் எழுப்பிய கருங்கல் கட்டடம் அது. புதுத்துணியை ஒருதரம் நனைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்கக் கொடுப்பார்கள். நனையாத துணிக்குக் கோடி என்று பெயர். இந்த மண்டபத்தை யாரும் நனைக்கவில்லை. கல்லுக்கு மேல் பனையோலை வேய்ந்து, அது மக்குவதற்குள் மாற்றி, மாற்றி, போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் வந்து போய், துணி இருந்த இடத்தில் உப்பும் கருவாடும் அடைந்த பிறகும் மண்டபம் கோடியாகவே நின்றது.

கடைசியாக அங்கே குடிவந்தது மூட்டை தூக்கும் பழனிவேல். ஓலை மாற்றி அலுத்துப்போய்த் தகரம் போட்டான். புயல் தகரத்தை ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டது. முதல் நாள் மழையில் சுவர் நகர்ந்து வந்து கட்டிலை இடித்தது. தெருவெல்லாம் வெள்ளம், வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் அவன் சேத்தியாத்தோப்பு அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போய்த் திரும்புவதற்குள் வாசல் ஒரு சாண் அகலம் ஆகியிருந்தது. உள்ளே நிறைமாதமாயிருந்த மனைவி கலைமணிக்கு வலி கண்டுவிட்டது. தலையை நீட்ட முடிந்தது, வயிறு வரவில்லை.

அவள் தம்பி கார்த்திகேசன் கடப்பாரையால் வாசற்கல்லைக் குத்தினான். கல் உடையவில்லை, கிழிந்தது. சர்ரென்று ஓடிய கிழிசல் கலைமணியின் தலைக்கு நேர் மேலே கூரையில் போய் நின்றது. கடப்பாரையைக் கீழே போட்டான்.

“மூஞ்சியப் பாத்துகினு நிக்காத. சட்ட சுருங்கிப்போனா என்னா பண்ணுவ? ஈரத்தோட புடிச்சி இழு!” என்றாள் கலைமணி புருஷனிடம்.

“கருங்கல்ல எப்பிடிடீ இழுக்கறது?”

“சுருங்கறப்ப கல்லுன்னு பாத்துச்சா அது?”

“நீ ஓல போட சோம்பல்பட்டதுக்கு ஊரே வந்து இழுக்கணும் மாமா,” என்று கார்த்திகேசன் ஆள் கூப்பிட ஓடினான்.

வலை இழுக்கிற மீனவர்கள் வந்தார்கள். பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகை முடித்தவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கச் சுவர், பாதிப் பேர் அந்தப் பக்கச் சுவர். வேட்டி இழுப்பதுபோல இழுத்தார்கள். கிழிசல் இன்னும் ஒரு விரல்கடை ஓடியது. “மெதுவா, மெதுவா மச்சான்,” என்று பழனிவேல் அழுதான். கல் முதலில் விறைத்து, பிறகு நெகிழ்ந்து கொடுத்தது. கலைமணி ஒருக்களித்து வெளியே வந்தாள். பெண் குழந்தை, முழங்கால் தண்ணீரில் நின்ற ஆம்புலன்ஸில் பிறந்தது.

குறுக்கே இழுத்த துணி நெடுக்கில் குறையும். கூரை இப்போது பழனிவேலின் மார்பளவுக்குத்தான் இருக்கிறது. கிழிசலைக் கோணி ஊசியால் அவனே தைத்துவிட்டான். குனிந்து போகிறான், குனிந்து வருகிறான். மூட்டை தூக்குகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு நனைப்போடு சுருக்கம் தீரவில்லை; வானம் கறுத்தால் கலைமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறாள். மழை விட்டதும் அக்கம்பக்கத்தார் இரண்டு பக்கமும் நின்று இழுத்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.