பிலோமினாவின் பதினொரு வீழ்ச்சிகள்

ஆறு மாதத்தில் எத்தனை தடவை விழுந்தீர்களோ அத்தனை வீழ்ச்சிகளையும் கூட்டிக்கொண்டு வரவும் என்று சமநிலை அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. பிலோமினா இரண்டை மட்டும் கூட்டிப்போனாள். மீதி ஒன்பதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பின்னே? உண்மையைச் சொன்னால் இரண்டாம் மாடி வீடு போய்விடும். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து ஒன்பது வருடம். கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவளைத் தன் வீட்டுக் கீழறைக்குக் கொண்டுபோகத் தம்பி அமல்தாஸ் அவள் கட்டிலோடு சாமான்களையெல்லாம் லாரியில் ஏற்றி, அலுவலக வாசலிலேயே நிறுத்தியிருந்தான். நடைச் சோதனையில் தேறவில்லை என்று சீட்டு வந்ததும் வண்டியை எடுக்க வேண்டியதுதான். நல்ல தம்பி. அதுதான் கஷ்டமே.

கூட்டி வந்த இரண்டும் லட்சணமானவை. ஒன்று கோயில் படியில் விழுந்தது, மற்றது மழையில் வழுக்கியது. யாரும் விழக்கூடிய இடங்கள். இரண்டும் தலைவாரி, பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தன.

பரிசோதகர் கோமதிநாயகம் ஸ்டாப்வாட்சைத் தட்டினார். "எந்திரிங்க. மூணு மீட்டர் நடந்து, திரும்பி வந்து உக்காருங்க. அவ்வளவுதான்."

நடந்தாள். தரையில் போட்டிருந்த கோடு நீண்டது. நடக்க நடக்க நீண்டது. இரு பக்கமும் உப்பளம் வந்துவிட்டது.

"என்ன சார் இது, மூணு மீட்டர்னீங்க?"

"வீட்டுல எத்தனைய விட்டுட்டு வந்தீங்க?" வெகுதூரத்திலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்ல."

இன்னொரு உப்பளம் வந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒன்பது! போதுமா? குளியலறை, அடுப்படி, மாடிப்படியில மூணு... மிச்சத்தச் சொல்ல வெக்கமா இருக்கு!"

கதவு திறந்தது. ஒன்பதும் பூட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தன, நைட்டியும் ஈரத் தலையுமாக. பரிசோதகர் எல்லாவற்றிடமும் ஒரே கேள்வி கேட்டார்.

"யாரு தூக்கிவிட்டது?"

"அவங்களேதான் எந்திரிச்சாங்க," என்றது குளியலறை.

"அரை மணி நேரம் ஆச்சு. ஆனா எந்திரிச்சாங்க," என்று மாடிப்படி மூக்கை உறிஞ்சியது.

படிவத்தில் விழுந்ததற்குக் கட்டம் இருந்தது, எழுந்ததற்கு இல்லை. கோமதிநாயகம் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு, பதினொன்று என்று எழுதினார்.

"எங்கெங்க விழுறீங்கன்னு இப்பதான தெரியுது. அங்கங்க கம்பி போட்டாத் தீந்துச்சு."

பதினொன்றும் சுவரோரம் வரிசையாக நின்று கைப்பிடிக் கம்பிகளாயின. உப்பளங்கள் பின்வாங்கின. பிலோமினா ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து நடந்து, திரும்பி வந்து, நாற்காலியில் மகாராணியாட்டம் உட்கார்ந்தாள். மூன்றே மீட்டர். பதினான்கு வினாடி. அடேயப்பா, அவளுக்கு வந்த சந்தோஷம்!

வாசலில் அமல்தாஸ் சீட்டை இரண்டு தடவை படித்தான்.

"அப்போ லாரி?"

"திருப்பு."

வீட்டு மாடிப்படியில் கம்பிகள் முன்னால் ஏறிப்போய் அதனதன் இடத்தில் மாட்டிக்கொண்டன. அமல்தாஸ் கையை நீட்டியபடி பின்னாலேயே வந்தான்.

"அக்கா, பிடிச்சுக்கட்டுமா?"

பிலோமினா திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

"போயி கட்டிலப் பிடி. அதுக்குத்தான் நாலு காலு இருந்தும் ஏறத் தெரியாது."