பெயர் போட்டுக் கேட்ட கேள்வி

பெயிண்டில் கொப்புளம் ஏன் வருகிறது என்று தேடப் போய்த்தான் மாரிசெல்வி அந்த ஆய்விதழின் பக்கத்துக்குள் நுழைந்தாள். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலையொன்றின் பெயிண்ட் பிரிவில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. கோவில்பட்டிப் பக்கத்தில் டிப்ளமா முடித்து வந்து நான்கு வருடம் ஆகிறது. விளக்கொளியில் கதவுகளைச் சாய்த்துப் பார்த்துப் பார்த்து, கடுகளவு கொப்புளம்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

கட்டுரையை எழுதியவர் வேல்விழி, கோவையில் ஓர் ஆய்வு மாணவி. அந்த இதழில் ஒளிவுமறைவே கிடையாது. யார் மதிப்பிட்டார், என்ன குறை சொன்னார், அதற்கு எழுதியவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் பெயரோடு கட்டுரைக்குக் கீழேயே இருந்தது. படிக்கிறவர்களும் பெயரைப் போட்டுக் கருத்துச் சொல்லலாம். பேராசிரியர் கோமதிநாயகம் என்பவர், காற்றின் ஈரப்பதமே காரணம் என்ற முடிவு சரிதான் என்று ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார்.

மாரிசெல்விக்கு வரைபடத்தைவிட்டுக் கண் நகரவில்லை. கொப்புளக் கோடு நாளுக்கு மூன்று முறை குத்தென்று ஏறி இறங்கியது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.

"ஈரம் என்ன, ஷிப்ட் பாத்தா வரும்?" என்றாள், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஷெர்லினிடம். ஷெர்லின் அதே லைனில் வேலை செய்பவள், மணிமங்கலத்துக்காரி.

ஸ்பிரே கன்னுக்குக் காற்று போகும் குழாயில் தண்ணீர் சேரும். ஷிப்ட் மாறி, ஆள் வந்து வால்வைத் திறந்து வடிக்கும்வரை அந்தத் தண்ணீரும் பெயிண்டோடு சேர்ந்து தெறிக்கும். பெயிண்ட் பிரிவில் நிற்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. கட்டுரையில்தான் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"எய்தேன்டி. இன்னா பண்ணிடுவாங்க?"

"பேரப் போட்டு எழுதணுமாம்ட்டி. சரின்னு சொன்ன அந்தப் பேராசிரியரு எம்புட்டுப் படிச்ச மனுசன்! நான் போயி..."

"அவரு படிச்சாரு. நீ தெனம் அத மூஞ்சிக்கு நேரா பாத்துகினு கீற. எய்து!"

ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுத நான்கு நாளானது. தன் ஆலையைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். குழாய்த் தண்ணீரை எந்த நேரத்தில் வடித்தார்கள் என்று குறித்தீர்களா? கோடு ஏறுவதெல்லாம் ஷிப்ட் மாறும் நேரமாக இருக்கிறதே? வடிக்கும் நேரத்தை மாற்றிப் பார்க்க முடியுமா? கீழே, 'மாரிசெல்வி, பெயிண்ட் தரப் பரிசோதகர், ஒரகடம்.'

இரண்டாம் நாளே கோமதிநாயகம் பதில் போட்டார். "நல்ல ஊகம். ஆனால் ஈரப்பத விளக்கமே போதுமானது." அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. எழுதியதை அழித்துவிட வழி தேடினாள். இல்லை. அங்கே போட்டது போட்டதுதான்.

மூன்று வாரம் கழித்து, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வரும்போது வேல்விழியின் பதில் வந்தது.

"நேரத்தை நான் குறிக்கவில்லை, தவறு என்னுடையது. நீங்கள் கேட்ட பிறகு, முன்பு அளந்த அதே ஆலைக்குத் திரும்பப் போனேன். ஷிப்டுக்கு அரைமணி முன்பே தண்ணீரை வடிக்கச் செய்து இரண்டு வாரம் அளந்தேன். ஈரப்பதத்தால் வருவது கொஞ்சம்தான். அந்த மூன்று ஏற்றங்களும் போய்விட்டன."

அதற்குக் கீழே கோமதிநாயகம் எழுதியிருந்தார். "என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். நேரம் வரைபடத்திலேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை. ஒரகடத்து மாரிசெல்வி கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி."

அவள் போட்ட கூச்சலில் ஆட்டோ குலுங்கி நின்றது.

"இன்னாம்மா, எறங்கணுமா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணே, நீங்க போங்க. சந்தோசத்துல கத்திட்டேன்!"

ஆட்டோவே சிரித்தது.

திருத்திய கட்டுரை வெளிவந்த வாரம் வேல்விழியே மாரிசெல்வியைப் பார்க்கக் கோவையிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்தில் ஷெர்லின் வீட்டில் மூவருக்கும் கறிச்சோறு. ஷெர்லினின் அம்மா லூர்தம்மாள் இலை போடும்போதே வேல்விழி தன் அடுத்த ஆய்வைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

"இதயும் நீங்க பாத்துச் சொல்லோணுங்க. இல்லீன்னா, எங்கூடச் சேந்தே எழுதுங்க. ரெண்டுல ஒண்ணுதானுங்க முடியும். சேந்து எழுதுனவிய மதிப்புரை எழுதக் கூடாது."

மாரிசெல்வி எலும்பைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். "சேந்தே எழுதுவோம். ஆனா கோமதிநாயகம் சார் கையில மாட்டுனா கிழிச்சிருவாரே?"

"கிழிப்பாருங்க. நல்லாவே கிழிப்பாரு."

"பேரு போட்டுத்தான கிழிப்பாரு? நாமளும் பேரு போட்டுப் பதில் சொல்லுவோம்!"

இடது கையால் வேல்விழி மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். மாரிசெல்வி சாய்ந்து எட்டிப் பார்த்தாள். முதல் வரைபடத்திலேயே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"மொதல்ல துண்ணுங்கடி, கொயம்பு ஆறுது!" என்று லூர்தம்மாள் கத்தியது இருவர் காதிலும் விழவில்லை.