கரடியின் காலடி

எங்கள் ஹாம்பர்க் வானொலியின் ஐந்து நிமிட நாடகங்களில் எனக்கு முகமும் கிடையாது, வசனமும் கிடையாது. கதவு, மழை, குதிரை எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுப்பவன் நான்தான். அன்று, கோபித்துக்கொண்டு போன மனைவி வீடு திரும்பும் காலடியாக இருந்தேன். என் அகலப் பாதங்களைக் குதிகால் உயர்ந்த செருப்பில் திணித்துப் பலகைமேல் நடந்து நடந்து, கொப்புளமே வந்துவிட்டது.

"ஹௌகே, இவ வாடகை வசூல் பண்ண வர்ற மாதிரி இருக்கு," என்றாள் இயக்குநர் வீப்கே, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. "கோவமும் இருக்கணும், ஆனா வந்துரணும். தெரியாதா உனக்கு?"

எனக்கெங்கே தெரியும்? போன வாரம் சிறுவர் நாடகத்தில் கரடியின் உறுமலுக்கு, என் மனைவி கெசீனாவின் குறட்டையை அவளைக் கேட்காமலே போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடித்துவிட்டாள். கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன கெசீனா போனைக்கூட எடுப்பதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்கினேன். அதற்குள் என் பின்னால் காலடிச் சத்தம். வேகமாக வந்து, நடுவில் தயங்கி, பிறகு மெதுவாகக் கிட்டே வந்து நின்றது.

"இதான்! இதேதான்!" என்று வீப்கே கத்தினாள்.

திரும்பினேன். ஒலிப்பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கையும் மதிக்காமல் உள்ளே வந்து நின்றாள் கெசீனா.

"அது என் செருப்பு. இதையும் கேக்காமத்தான் எடுத்தியா?"

"கெசீனா, மைக் தூரமா இருந்துச்சு. அதே மாதிரி இன்னொரு தடவ வாயேன்," என்று வீப்கே கெஞ்சினாள்.

"முடியாது," என்றாள் கெசீனா, குனிந்து என் கொப்புளத்தைப் பார்த்தபடியே. "இந்த மனுஷனுக்கு ஒரு தடவ வந்ததே பெருசு."