தீர்த்தவாரிக்கு வந்த மிஷின்

அந்த வருஷம் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளோடு, சேதராப்பட்டு சோப்புக் கம்பெனி ஒன்றின் பழைய பேக்கிங் மிஷினும் வந்து நின்றது. யாரும் தள்ளிக்கொண்டு வரவில்லை, லாரியும் இல்லை. நான்கு இரும்புக் கால்களால் அதுவே நடந்து வந்தது. கோரிமேடு சிக்னலில் சிவப்புக்கு நின்று பச்சைக்குப் புறப்பட்டதைப் பலரும் பார்த்தார்கள். மயிலம் முருகனுக்கும் தீவனூர் பிள்ளையாருக்கும் நடுவில் இருந்த இடத்தில் அது அடக்கமாக நின்றுகொண்டது. நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்ததால் ஜனங்கள் வேறெதுவும் யோசிக்கவில்லை. "இது எந்த ஊரு சாமி?" "சேதராப்பட்டுப் பக்கம்னு சொல்றாங்க. இந்த வருஷந்தான் புதுசா வருது." தேங்காய் உடைந்தது. கற்பூரம் எரிந்தது.

அந்தக் குங்குமத்தை வைத்தவள் அதே குப்பத்தில், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். பெயர் அஞ்சலாட்சி. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய் அந்த மிஷினில் சோப்புக்கு உறை போட்டவள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, முதல் பிடிப் பொரியை அதன் வாயில்தான் போடுவாள். தீபாவளி கழிந்ததும் வெளிநாட்டிலிருந்து புது மிஷின் வந்தது. அஞ்சலாட்சியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பழைய மிஷினைக் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. பஸ்ஸுக்குப் போகிற வழியில் தார்ப்பாயைத் தட்டி, பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தவளின் கைகள் மட்டும் வேலையை விடவில்லை. தூக்கத்திலும் வலது கை நீண்டு, இல்லாத சோப்பை எடுத்து, இல்லாத மிஷின் பட்டையில் வைத்தது. "நம்ம வலையில வர்ற மீன வித்தாலே போதும், வா" என்று கடலுக்குப் போகும் புருஷன் தெய்வசிகாமணி கூப்பிட்டான். போனாள். அவள் தொட்ட மீனெல்லாம் எலுமிச்சை சோப்பு மணந்தது. வஞ்சிரம் மணந்தது, நண்டு மணந்தது, ஐஸ்கூட மணந்தது. "ஏம்மா, கழுவிக் குடுன்னுதான் கேட்டேன், குளிப்பாட்டியா குடுக்கச் சொன்னேன்?" என்றார் ஒருவர். பக்கத்தில் கடை போட்டிருந்த பாக்கியலட்சுமி தன் கூடையை நகர்த்திக்கொண்டாள். "கோச்சிக்காதடி. என் கருவாடும் மணக்க ஆரம்பிச்சா நான் எங்க போறது?" ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், தடவியதும் களிம்பு மணந்தது. மீனைத் தொட முடியாதவளுக்குக் குப்பத்தில் என்ன பிழைப்பு? அஞ்சலாட்சி ஸ்பூனால் சாப்பிடத் தொடங்கினாள். பிறகு பேச்சையும் குறைத்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கதவைத்தான் மாசி மகத்தன்று பாக்கியலட்சுமி தட்டினாள். ஆயுத பூஜைப் படத்தை வருஷம் தவறாமல் அஞ்சலாட்சியின் ஸ்டேட்டஸில் பார்த்தவள் அவள். "அடியே, உன் மிஷின் வந்துக்குதுடி. முருகனுக்குப் பக்கத்துல நிக்குது."

"தார்ப்பாயோடயா வந்துச்சி?" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

அஞ்சலாட்சி கரைக்கு வந்தபோது சாமிகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. மிஷினின் முறை வந்தது. குருக்கள் சுற்றிலும் பார்த்தார். "இந்த சாமிக்குப் பொறுப்பு யாரு? கூட வந்தவங்க முன்னால வாங்க." யாரும் வரவில்லை. நாதஸ்வரம் நின்றது. கரைக்கு வந்த அலை, திரும்பிப் போகாமல் அப்படியே காத்திருந்தது. முந்தானைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு அஞ்சலாட்சி நின்றாள். தொட்டால் அந்த வாசனை ஆயுசுக்கும் போகாது என்று பயந்தாள். தொடாவிட்டால் மிஷின் எத்தனை நேரம் அங்கேயே நிற்கும் என்றும் நினைத்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

கையை வெளியே எடுத்து அதன் விலாவில் வைத்தாள். இருவரும் தண்ணீருக்குள் நடந்தார்கள். தலை மூழ்கியதும் கடல் வெள்ளையாகப் பொங்கியது. அத்தனை வருஷத்து நுரையும் அவள் கையிலிருந்து இறங்கியது. வடக்கே சோலை நகர்வரை, தெற்கே பழைய கலங்கரை விளக்கம்வரை, பார்த்த இடமெல்லாம் நுரை. கரை முழுக்க எலுமிச்சை மணந்தது. காத்திருந்த சாமிகள் அந்த நுரையில்தான் நீராடின. ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தும் ஒரு குழந்தைகூடக் கண் எரிகிறது என்று அழவில்லை. அவள் கரையேறியபோது பாக்கியலட்சுமி கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். உப்பு வாசனைதான் இருந்தது.

சாயங்காலம் சாமிகள் ஊர் திரும்பின. மிஷின் திரும்பவில்லை. படகுகளுக்குப் பக்கத்தில் மணலில் கால் ஊன்றிக்கொண்டது. அஞ்சலாட்சி கை வைத்தால் மின்சாரம் இல்லாமலே ஓடியது. முதலில் பாக்கியலட்சுமியின் நெத்திலிக் கருவாட்டுக்கு உறை போட்டாள். பிறகு குப்பத்துக் கருவாடு எல்லாமே அங்கே வந்தது. கரண்டு ஆபீஸிலிருந்து வந்தவர் ஒயரைத் தேடி மிஷினைச் சுற்றிவந்து, கிடைக்காமல், கருவாடு வாங்கிக்கொண்டு போனார். கம்பெனி ஆளும் வந்தார். "எங்க பொருள்" என்றார். "கூப்ட்டுப் பாருங்க சார், வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றான் தெய்வசிகாமணி. அவர் தயங்கித் தயங்கி, வா என்றார். அது வரவில்லை.

இப்போது மாசி மகத்தன்று மைக்கில் சாமிகளின் பெயர்களை அறிவிக்கும்போது, தீவனூர் பிள்ளையாருக்கு அடுத்தபடி அதையும் அறிவிக்கிறார்கள். அன்றைக்குப் பேக்கிங் கிடையாது. மற்ற நாட்களில் பொழுது சாயும்போது அஞ்சலாட்சி கை கழுவிவிட்டு அதன் விலாவைத் தட்டி, "போயிட்டு வரேன்" என்கிறாள். மறுநாள் காலையில், சொன்னபடியே வந்துவிடுகிறாள்.