அல்லி டீச்சரின் வசவு

1955ஆம் ஆண்டு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, கோவில்பத்தில் அல்லி மனதுக்குள் தன்னைத் திட்டிக்கொள்வதெல்லாம் வெளியே கேட்கத் தொடங்கியது. உதடு அசையவில்லை. சத்தம் இடது தோளுக்கு ஒரு சாண் மேலிருந்து, அவள் குரலிலேயே வந்தது; காற்றில்லாத நாளில் நாலு வீடுவரை கேட்டது. முதலில் கேட்டது, "கோலத்தப் பாரு, கோழி கிண்டுன மாதிரி" என்பது. பால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிப் போனார்.

அல்லிக்கு இருபத்திரண்டு வயது. பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் பிறந்த பதினோராம் நாள் தாய் காய்ச்சலில் போய்விட, அப்பா அம்பலவாணன் மறுகல்யாணம் செய்யாமல் ஒற்றை ஆளாக வளர்த்தார். பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் எல்லையிலிருந்த சுங்கச் சாவடியில் அவருக்கு வேலை. வைக்கோல் வண்டிக்குள் ஒளித்த சீமைச் சாராயத்தை மோப்பத்திலேயே பிடிப்பவர் என்று பேர். பிரெஞ்சுக்காரர்கள் போனதும் சாவடியை எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டோடு இருந்தார்.

பள்ளியில் ஒரே வாரத்தில் மூன்றாம் வகுப்பு ஏழு புதிய வசவுகளைக் கற்றது. தலைமையாசிரியை சௌந்தரவல்லி ஏழையும் தாளில் குறித்துக்கொண்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். அல்லி எழுதிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது வந்தது. அதையும் அவளே சேர்த்து எழுதிக் கொடுத்தாள்.

மாசியில் நெடுங்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அல்லி காப்பித் தட்டோடு வந்தபோது, "நடையப் பாரு, வாத்து" என்றது சத்தம். பிறகு, "இந்த மூக்குக்கு மூக்குத்தி வேறயா."

"நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் மாப்பிள்ளையின் தாயார், சங்கடத்தோடு.

"ஆத்தாள முழுங்குனவளுக்குக் கல்யாணம் ஒரு கேடா" என்றது சத்தம்.

வந்தவர்கள் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள். அம்பலவாணன் காலி டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

"அப்படி யாரும்மா ஒன்னையச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. நானாத்தான். நீங்க ஒத்தையாக் கஷ்டப்பட்டதெல்லாம் என்னாலதானே."

ஊரார் மூட்டையெல்லாம் இருபது வருஷம் குத்திப் பார்த்தவன், வீட்டுக்குள்ளிருந்த மூட்டையைத் தொட்டுப் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"ஒங்கம்மாவக் கொண்டுபோனது காய்ச்சல். நீ இல்லன்னா அந்த வருஷமே நான் தேசாந்திரம் போயிருப்பேன். ஒனக்குச் சடை போடணுமேன்னுதான் தெனம் வீடு வந்தேன். அதுவும் கோணச் சடை."

அல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அழுமூஞ்சி" என்றது சத்தம். அம்பலவாணன் எழுந்து, அவளுடைய இடது தோளுக்கு மேலே பார்த்து, சாவடியில் வழிப்போக்கர்களிடம் பேசும் தோரணையில், பழக்கதோஷத்தால் மரியாதையோடேயே சொன்னார்: "எம் பொண்ண அப்படிச் சொல்லாதீங்க. நகருங்க."

அன்றிலிருந்து சத்தம் கேட்கும்போதெல்லாம், கொல்லையிலிருந்தாலும் குளித்துக்கொண்டிருந்தாலும் அவர் பதில் சொன்னார். பள்ளிக்கு அவர் வர முடியாது. அங்கே அல்லியே சொல்ல வேண்டியிருந்தது. ஊரறியத் திட்டு வாங்கும்போது வராத வெட்கமெல்லாம், தனக்காகத் தானே பரிந்து பேசும்போது வந்தது. முதல் வருஷம் "சரி, விடு" என்பதற்குமேல் அவளுக்கு வாய் எழவில்லை. இரண்டாம் வருஷம், "நீ போட்டுக் காட்டேன் கோலம்" என்று கேட்கிற அளவுக்கு வந்தாள். சத்தம் கோலத்தை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டது.

1958 ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், அல்லியின் கை தட்டி மைப்புட்டி கவிழ்ந்தது. திருத்தி அடுக்கியிருந்த நாற்பது நோட்டும் நீலமாயின. வகுப்பு அடுத்த வசவுக்குக் காத்திருந்தது.

"பரவால்ல, அல்லி" என்றது சத்தம். "துணி எடு."

முன் வரிசைப் பெண் ஒருத்தி போய்த் துணி எடுத்து வந்தாள். மழை விடுகிறவரை எல்லோருமாகத் துடைத்தார்கள்.