சிலிர்க்காத கெடா

மூன்றாவது செம்புத் தண்ணீரையும் பூசாரி ராமப்பன் கெடாவின் முதுகில் ஊற்றிவிட்டார். அது ஒருமுறை சிலிர்த்து உடம்பை உதறினால் போதும், மாரியம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். கெடாவோ நனைந்த சாக்கு மாதிரி நின்றது.

"குந்தாரப்பள்ளி சந்தையில கர்நாடகாக்காரன்கிட்ட வாங்கினதுதானே ருக்மணி? தமிழ் புரியல போல. கன்னடத்துல கேட்டுப் பாருங்க பூசாரி," என்றாள் பக்கத்து வீட்டு மாரம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

ருக்மணி சிரிக்கவில்லை. போன வருஷம் மகன் ஹரீஷ்குமாருக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தபோது, அது அவனுக்கு நிலைத்தால் கெடா வெட்டுவதாக வேண்டியிருந்தாள். அவள் கண் கெடாவை விட்டு மகன் மேல் போய் நின்றதை மகள் அருணா பார்த்தாள்.

"ஆத்தா வேண்டாங்கறா," என்றாள் அம்மா. வெட்டாமல் ஓட்டி வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கெடா கொட்டகையில் செத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுக்க இலை இலையாகத் தட்டைப்புழு. நுரையீரலில் சீழ்.

"ஏரிக்குள்ள மேய்ச்சீங்களா?"

மேய்த்தார்கள்தான். சானமாவுக் காட்டோரம் யானை நடமாட்டம், அங்கே ஓட்ட முடியாது. ஏரிக்கரையில் மட்டும்தான் கோடையிலும் புல் பச்சையாக இருந்தது. நத்தையிலிருந்து வெளிவரும் புழு அந்தப் புல்லில் ஒட்டியிருந்திருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியபோது, கெடா கொழுக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டிருந்தாள்.

அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. அருணா விலங்கியல் படித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை. வீட்டிலும் அதிகம் பேச மாட்டாள். அன்று பேசினாள்.

"ஆத்தா ஒண்ணும் வேண்டாங்கலம்மா. அந்தப் புழு பொல்லாதது. உடம்பு அடிக்க வந்தா, மேல்பூச்சைக் கழட்டிப் போட்டுட்டு நழுவிடும். உடம்பு அந்த வெறும் பூச்சோட சண்டை போட்டுட்டுக் கெடக்கும். அதோட விடாது. ஏதேதோ சுரந்து, சண்டையே போடாதேன்னு உடம்பையே அமத்திடும். அந்த நேரத்துல வேற கிருமி உள்ள வந்தா தடுக்க ஆளே இல்ல. கெடாவுக்கு உதறவே தெம்பில்ல, அவ்வளவுதான்."

அம்மா தொடாத சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தம்பிக்குத் தர்ற வெள்ள மாத்திரையும் உடம்பை அமத்தறதுதான்னு டாக்டர் சொன்னாரே?"

"ஆமாம்மா, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்."

வெளியே கம்பெனி பஸ் ஆரன் அடித்தது. அருணா பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஹரீஷ் மாத்திரையைத் தானாக எடுப்பவன் இல்லை. அம்மா கிண்ணத்தில் போட்டு நீட்டுவாள். போனைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வான். கிண்ணத்தில் ஒன்று குறைந்தால் அவனுக்குத் தெரியாது.

மழை பிடித்த சமயம், ஒரு காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தான். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. தாடையும் உப்பியிருந்தது.

"குண்டாயிட்டேன் பாருக்கா," என்று சிரித்தான்.

அருணா அவன் தாடையை விரலால் அழுத்தினாள்; குழி விழுந்து அப்படியே நின்றது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். அவன் உடம்பு அந்தக் கிட்னியைத் தாக்க ஆரம்பித்துவிட்டது. முயற்சி செய்வார்கள், உறுதி சொல்ல முடியாது. அதைத் தடுக்கத்தான் அந்த வெள்ளை மாத்திரை, தவறியதா என்று கேட்டார்.

"ஒருவேளைகூட தவறல சார்," என்றான் ஹரீஷ்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள், ஒரு கை நிறைய.

"தூக்கிப்போட மனசு வரல," என்றாள். "கெடா மாதிரி இவனும் போயிடுவான்னு பயந்துட்டேன். நீதானே சொன்ன, அதே மாதிரின்னு."

"அம்மா, அது வேற..."

"என் கிட்னி அருணா அது. இவனே என் வயித்துல கெடந்தவன்தானே. என்னோடதுகூட இவன் உடம்பு எதுக்குச் சண்டை போடும்?"

அருணாவுக்குப் பதில் தெரியும். பெற்றவளுடையதானாலும் உடம்புக்கு அது அந்நியம்தான் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில். அம்மாவின் உள்ளங்கை வியர்வையில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருந்தன. அவற்றை மெல்ல எடுத்துத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.